போனோடு வந்தது

நீக்கினால் இடம் கூட வேண்டும். குறைந்திருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு பாதிக்குக் கீழே இறங்கி அவள் வயிற்றில் பால் வார்த்த, போனில் நிரம்பிய இடத்தைக் காட்டும் அந்தப் பட்டை, இப்போது ஓரம் வரை சிவந்து நின்றது. இடையில் அவள் நீக்கியது ஒரே ஒரு ஆப்பைத்தான். அதற்கு முன் நீக்கியவையெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டு மரியாதையாகப் போயின: யாரும் ஆடாத சீட்டு விளையாட்டு, ஓடுகிறவர்களுக்கு மூச்சை அளக்கும் ஒன்று, பங்குச்சந்தை நிலவரம் சொல்லும் ஒன்று, ஒரே வழியைக் காட்டும் மூன்று வரைபடங்கள். காசு கொடுத்து வாங்கிய போனில் கேட்காமலே குடியேறிய கூட்டம். ஒவ்வொன்றையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போது அவளுக்குத் தனி சந்தோஷம்கூட இருந்தது.

எல்லாம் ஒரு பல்லுக்காக. மத்தியானம் வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஆறு வயது மகளை வாலு என்று கூப்பிட ஆரம்பித்தவர் குழந்தையின் அப்பாதான். பொருத்தமில்லாத பெயர் என்று அக்கம்பக்கத்தில் ஒருவரும் இன்றுவரை சொன்னதில்லை. அவர் லாரியோடு எங்கோ தூரத்தில் இருந்தார். பொக்கை வாயோடு வாலு பாடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருந்தார். அவள் ஒரு போட்டோ எடுத்தாள். அதோடு போன் கையை விரித்துவிட்டது. இடமில்லை என்றது.

இரண்டு தெரு தள்ளி மொபைல் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"பழைய போட்டோவெல்லாம் அழிச்சுத் தொலையேன்டி," என்றாள் அக்கா. பின்னால் ஏதோ ஸ்க்ரூ உருண்டது. "அவ தும்மினது இருமினதுன்னு ஒண்ணு விடாம எடுத்து வெச்சிருக்கே."

"என் பொண்ணு படத்துல ஒண்ணுகூடப் போகக் கூடாது."

"சரி தாயே. அப்ப போனோட வந்த குப்பையத் தூக்கு. பெரிசாப் பாத்துத் தூக்கு. கேமராவையும் சேத்துத் தூக்கிட்டு என்கிட்ட வந்து அழாத."

பெரிசாகப் பார்த்தபோது கண்ணில் பட்டதுதான் அது. 'சுத்தம்' என்று பெயர். படம் எதுவும் இல்லை, வெறும் வெள்ளை வட்டம். போனில் கால்வாசியை அதுவே தின்றுகொண்டிருந்தது. படங்களில் தேவையற்றவர்களைத் தானாக நீக்கும் என்று கீழே ஒரு வரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. போட்டோ ஸ்டுடியோவில் அவளுக்கு வேலையே அதுதான். கல்யாணப் படத்தில் வாயைப் பிளந்துகொண்டு குறுக்கே புகுந்தவர், கடற்கரையில் பின்னால் நின்ற முன்பின் தெரியாத குடும்பம், சண்டைக்குப் பிறகு படத்திலிருந்து தூக்கச் சொல்லப்படும் மாப்பிள்ளை என்று நாள் முழுக்க அவள் ஆட்களை அழிப்பாள். அழித்த இடத்தில் சுவரையோ வானத்தையோ இழுத்து மூடுவாள். வீட்டில் அதே வேலையைச் செய்ய இன்னொரு ஆள் எதற்கு? நீக்கு என்று அழுத்தினாள். ஏதோ எச்சரிக்கை வந்தது; படங்கள் முதலில் எடுத்தபடி திரும்பும் என்றோ என்னவோ. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? சரி என்று அழுத்தினாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் கம்பிகள் வழியாக அழுக்குத் தண்ணீர் மாதிரி உள்ளே வந்து, சோபாவுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேங்கிக் கிடந்தது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் முனகி, ஓய்ந்து, மறுபடி முனகியது. வாலு தரையில் குப்புறப் படுத்துக் கலர் பென்சிலால் ஒரு யானையைக் கொடுமைப்படுத்திக்கொண்டிருந்தாள். பென்சில் சீவிய மரத்தூள் வாசனை வந்தது. அதோடு இன்னொரு வாசனையும் கலந்து வந்தது, நனைந்த காகிதக் கட்டைப் பல நாள் மூடி வைத்துத் திறந்தது போல. மழைக்கு எங்கேயோ சுவர் ஊறுகிறது என்று நினைத்துக்கொண்டு, படங்களுக்கு என்ன ஆயிற்று என்று திறந்தாள்.

பழையவற்றிலிருந்து தொடங்கி, படங்கள் ஒவ்வொன்றாகக் கண்சிமிட்டி மாறிக்கொண்டிருந்தன.

முதல் படம் ஆஸ்பத்திரியில் எடுத்தது. பிறந்து ஒரு நாளான வாலு தொட்டிலில் கிடந்தாள். அந்தப் படத்தை அவள் மனப்பாடமாக அறிவாள். மடிப்பு விழுந்த வெள்ளைத் துணி, சின்னக் கையில் கட்டிய பட்டை, பின்னால் பச்சைச் சுவர், கீழே வெறும் தரை. இப்போது தரை வெறுமையாக இல்லை. தொட்டிலுக்குக் கீழே யாரோ மல்லாந்து படுத்திருந்தார்கள். பெரிய ஆள். முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, இரண்டு கைமுஷ்டிகளையும் மார்பருகே வைத்து, மேலே குழந்தை கிடந்த அதே மாதிரி.

யாரோ ஆயா களைப்பில் படுத்திருப்பாள் என்று நினைத்தாள். நினைக்க முயன்றாள். அடுத்த படத்துக்குப் போனாள்.

இந்த வீடு. இதே கூடம். வாலு தவழ்ந்துகொண்டு வருகிறாள். பின்னால், சாப்பாட்டு மேசைக்கு அடியில், அதே ஆள் நாலு காலில். வாலு நடக்கப் பழகிய நாளில் எடுத்த படத்தில் அது நின்றிருந்தது. நிற்பதென்றால் நம்மைப் போல் அல்ல. இடுப்பை, முழங்காலை, கழுத்தை எல்லாம் மடித்து மடித்து, குழந்தையின் உயரத்துக்குச் சரியாகத் தன்னைச் சுருக்கி வைத்திருந்தது. உடம்பில் இருந்தது துணியா தோலா என்று சொல்ல முடியவில்லை. சுவரின் நிறத்திலேயே இருந்தது. முகம் எல்லாப் படத்திலும் வாலுவின் பக்கம் திரும்பியிருந்தது.

பள்ளிச் சீருடையில் முதல் நாள். அது இரண்டடி தள்ளி. காய்ச்சலில் போர்வைக்குள். அது கட்டிலின் மறு ஓரத்தில். ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்திருந்தது. வாலு வளர வளர அதன் மடிப்புகளும் ஒவ்வொன்றாக அவிழ்ந்திருந்தன.

இன்று மத்தியானம் எடுத்த படத்தைத் திறந்தாள். வாலு வாயைப் பிளந்து ஓட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள். தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டு அதுவும் நின்றது. முதல் தடவையாகக் கேமராவைப் பார்த்திருந்தது. அதுவும் வாயைப் பிளந்திருந்தது. அதன் முன்பல்லும் இல்லை.

"வாலு," என்றாள். மறுபடி கூப்பிட்டாள். "வாலு, இங்க வா."

"யானைக்கு வால் போட்டுட்டு வரேன்."

"உடனே வா."

வாலு எழுந்தாள். அந்த நேரத்தில் இவள் ஒரு காரியம் செய்தாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கேமராவைத் திறந்து மகளை நோக்கிப் பிடித்தாள். இடமில்லை என்று போன் சொன்னது, ஆனாலும் திரையில் கூடம் தெரிந்தது. சோபா தெரிந்தது. தரை தெரிந்தது. கலர் பென்சில்கள் நடுவே, வாலு படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், அது குப்புறப் படுத்திருந்தது. வாலு நடந்து வர வர, அதுவும் எழுந்து வந்தது.

போனை இறக்கினாள். வாலு மட்டும்தான் இருந்தாள். உயர்த்தினாள். இரண்டு பேர். அந்த நனைந்த காகித வாசனை இப்போது மிக அருகில் வீசியது.

கத்தக் கூடாது. கத்தினால் குழந்தை பயப்படும், பயந்தால் ஓடும், ஓடினால் எந்தப் பக்கம் ஓடுமோ! பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல் சிரித்துக்கொண்டே சொன்னாள். "பெரியம்மா கடைக்குப் போலாமா? ஷூ போட்டுக்கோ."

"மழை பெய்யுதே?"

"குடை இருக்கு. போ, சீக்கிரம்."

வாலுவுக்கு மழையில் போவதென்றால் கேட்கவா வேண்டும்! ஒரே ஓட்டமாக ஓடினாள். அந்த வீட்டுக்கு ஒரே கதவு. கூடத்திலிருந்து ஒடுக்கமான நடை, அதன் முடிவில் கதவு, அதற்கு உள்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாள். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. குழந்தை விழுந்துவிடக் கூடாதென்று மாடியில் குடிவந்ததும் முதல் காரியமாக அவர்களே சொல்லிப் போட்ட கம்பி. அவள் போனை முன்னால் பிடித்துக்கொண்டே நடையில் நடந்தாள். கதவருகே வாலு உட்கார்ந்து ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

அது கதவுக்கும் வாலுவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. முதுகு கதவில் சாய்ந்திருந்தது. நீளமான ஒரு கை மெதுவாக வந்து வாலுவின் கணுக்காலைச் சுற்றியது. விரல்கள் ஒரு சுற்று சுற்றி, மிச்சம் நீண்டு, இன்னொரு சுற்றும் சுற்றின.

"அம்மா, ஷூ இறுக்குது."

"கழட்டு," என்றாள். "கழட்டிட்டு வந்துடு. வேணாம். போக வேணாம். வா."

"இப்பத்தானே போலாம்ன?"

"வான்னு சொல்றேன்ல!"

வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஷூவை உதறிவிட்டு வந்தாள். லேசாக நொண்டினாள். கணுக்காலில் எதுவும் தெரியவில்லை. சோபாவில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த மெத்தையும் அமுங்கியது.

அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். போனில் அல்ல. வெறும் கண்ணால். மெத்தை மெல்ல அமுங்கியது, யாரோ பெரிய ஆள் நிதானமாக உட்கார்ந்தது போல. இவ்வளவு நாளும் அப்படி எதுவும் நடந்ததில்லை. இவ்வளவு நாளும் அதற்கு வாசனை இருந்ததில்லை, எடை இருந்ததில்லை. ஆறு வருஷம் அது இங்கே இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. அப்படி வைத்திருந்தது அந்த ஆப். அதைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டாள். பாவி, படித்துப் பார்த்திருக்கக் கூடாதா!

அக்காவைக் கூப்பிட்டாள். கண்ணை வாலுவிடமிருந்து எடுக்கவில்லை.

"அக்கா, நீக்கின ஆப்ப எப்படித் திரும்பக் கொண்டுவர்றது?"

"பாத்தியா, கேமராவத் தூக்கிட்ட!"

"விளையாடாதக்கா. சுத்தம்னு ஒண்ணு."

"சுத்தமா? நான் எத்தனை போனப் பிரிச்சிருக்கேன், அப்படி ஒண்ணப் பாத்ததே இல்லையே." அக்கா யோசித்தாள். "போனோட வந்ததுதானே? அப்ப அது எங்கயும் போயிருக்காது. நீக்கிட்டதா நாமதான் நெனச்சுக்கறோம், அது ஒரு மூலையில கம்முனு கெடக்கும். செட்டிங்ஸுக்குள்ள கடைசி வரைக்கும் போ, மீட்டெடுன்னு இருக்கும், அமுக்கு. ஏண்டி குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நீ வாயேன்."

"என்னடி ஆச்சு?"

"வா. அவ்வளவுதான்."

"கடையச் சாத்திட்டு வரேன், இரு."

செட்டிங்ஸுக்குள் போனாள். விரல் வழுக்கியது. கடைசியில் அக்கா சொன்னபடியே இருந்தது. வெள்ளை வட்டம், பக்கத்தில் மீட்டெடு. அழுத்தினாள். இந்தத் தடவை எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

தேவையற்றவர்கள் நீக்கப்படுகிறார்கள் என்றது திரை.

ஆஸ்பத்திரிப் படம் வந்தது. தொட்டிலுக்குக் கீழே கிடந்த உருவத்தைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடியது. எறும்பு வரிசை போல் ஊர்ந்து, சுற்றி முடித்தது. உருவம் போயிற்று. தரை வந்து மூடிக்கொண்டது. நேர்த்தியான வேலை, அவளே செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. தவழும் படம். போயிற்று. நடக்கும் படம். போயிற்று. சோபாவின் மெத்தை கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "சமத்து," என்றாள், போனைப் பார்த்து. "சமத்து. அப்படித்தான்."

அப்புறம் காய்ச்சலில் எடுத்த படங்கள் வந்தன. அதற்கப்புறம் இந்த வருஷத்துப் படங்கள். அது ஒட்டிக்கொண்டு நிற்கும் படங்கள்.

புள்ளிக்கோடு அதன் தலையைச் சுற்றி வந்தது. தோளுக்கு இறங்கியது. தோளோடு தோள் சேர்ந்த இடத்தில் நிற்காமல், வாலுவின் தோளுக்குத் தாவி, அவள் கழுத்தைச் சுற்றி, காதைச் சுற்றி, இரட்டைப் பின்னலைச் சுற்றி, பாவாடை வரைக்கும் இறங்கிற்று. இரண்டு பேரையும் சேர்த்து ஒரே கோடு.

வேலை தெரிந்தவளுக்கு இது தெரியும். விளிம்பும் விளிம்பும் தொட்டுக்கொண்டால் மெஷினுக்கு ஆள் ஒன்றுதான். மனுஷிதான் உட்கார்ந்து, பெரிதாக்கிப் பார்த்து, கையால் வெட்டிப் பிரிக்க வேண்டும். இங்கே வெட்ட எதுவும் இல்லை.

"இல்ல. இல்ல, நிறுத்து. அது என் பொண்ணு."

படத்தில் சுவர் மட்டும் இருந்தது.

நிமிர்ந்தாள். வாலு சோபாவில்தான் இருந்தாள். அப்படியேதான் இருந்தாள். இல்லை, அப்படியே இல்லை. சோபா உறையின் கட்டங்கள் அவள் பாவாடை வழியாகத் தெரிந்தன.

நிறுத்து என்ற பொத்தானைத் தேடினாள். அப்படி ஒன்று இல்லை. அணைக்கும் விசையை அழுத்திப் பிடித்தாள். சுத்தம் செய்யும்போது அணைக்க முடியாது என்றது. தரையில் அடித்தாள். கண்ணாடி விரிசல் விட்டது. விரிசலுக்கு அடியில் அடுத்த படம் வந்தது. பிறந்தநாள் தொப்பி. கோடு. சுவர். பள்ளி வாசல். கோடு. கம்பிக்கதவு. மறுபடி அடித்தாள். ஊஞ்சல். கோடு. வெறும் ஊஞ்சல்.

"அம்மா ஏன் போன ஒடைக்கற?"

போனை எறிந்துவிட்டுத் தாவினாள். வாலுவின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். சூடாக இருந்தது. பென்சில் மெழுகு பிசுபிசுத்தது. முகத்தைப் பார்த்தாள். முகம் வழியாக ஜன்னல் தெரிந்தது, மழை தெரிந்தது. வாலு அவளைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பொக்கை வாய்.

தரையில் கிடந்த திரையில் மத்தியானப் படம் வந்தது. கோடு சுற்றத் தொடங்கியது. அவள் பார்க்கவில்லை. மகளின் முகத்தை மட்டும் பார்த்தாள். விழுங்குவது போல் பார்த்தாள்.

முகம் இல்லை.

கை இருந்தது. அவளுடைய பத்து விரல்களுக்குள் ஒரு சின்னக் கை, சூடாக, பிசுபிசுப்பாக, நெளிந்துகொண்டு. கண்ணுக்கு எதுவும் இல்லை. சோபா, ஜன்னல், மழை. கீழே விரிசல் விட்ட திரையில் பட்டை முழுக்கப் பச்சையாகி, இப்போது போதுமான இடம் உள்ளது என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"வாலு?"

"என்னம்மா?" குரல் அவள் மூக்குக்கு நேரே வந்தது. "ஏன் எனக்குப் பின்னாடி பாக்கற?"

"ஒண்ணுமில்லடா கண்ணா. அம்மா கையப் புடிச்சுக்கோ. விடாதே. என்ன ஆனாலும் விடாதே."

சோபா மெத்தையில் இரண்டு குழிகள் இருந்தன, ஒன்று சின்னது, ஒன்று பெரியது. பெரிய குழி மெல்ல மேலெழுந்து சமமானது. யாரோ எழுந்திருக்கிறார்கள். அதற்கடுத்து சின்னக் கை அவள் பிடியிலிருந்து ஒரு விரற்கடை விலகி நகர்ந்தது. அவசரமே இல்லாத இழுப்பு. பொழுது சாய்ந்துவிட்டது, விளையாடியது போதும், வீட்டுக்குப் போகலாம் வா என்று குழந்தையைக் கூட்டிப் போகிறவர்கள் இழுப்பார்களே, அப்படி.

அவள் முழங்காலை ஊன்றி இழுத்தாள்.

கதவு மணி அடித்தது.

"ஏய், கதவத் திற! தொப்பலா நனைஞ்சிருக்கேன்." அக்காவின் குரல் நடை வழியாக வந்தது. "என்னடி, இடம் கிடைச்சுதா?"

தாழ்ப்பாள் உள்ளே, மேலே. எட்டித் திறக்க ஒரு கை வேண்டும். ஒரு கையை எடுத்தால் மிச்சம் ஒரு கைதான். "அக்கா!" என்று கத்தினாள். "அக்கா, கதவ ஒடை!" மழை ஓட்டில் அடித்த அடியில் அது கதவு வரைக்கும் போயிற்றோ என்னவோ. மணி மறுபடியும் அடித்தது. இழுப்பு கூடியது. சின்ன மணிக்கட்டில் எலும்பு நகர்வது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"அம்மா," என்றாள் வாலு. இப்போது அழுதுகொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் இழுத்தா வலிக்குதும்மா. நீ விடேன்."

அவள் விடவில்லை. அவளுடைய முழங்கால்கள் தரையில் தேய்ந்து, சிதறிக் கிடந்த பென்சில்களை ஒதுக்கிக்கொண்டு, படுக்கையறை இருட்டை நோக்கி நகர ஆரம்பித்தன. கதவை அக்கா தட்டிக்கொண்டே இருந்தாள்.